ஆழம் தெரியாத ஆறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இருபத்தாறாவது குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டை நாம் வரலாற்றுப் பாடநூலில் சந்தித்திருக்கிறோம். பனாமாக் கால்வாயை வெட்டத் துணிந்தவர். ரஷ்ய-ஜப்பானியப் போரை நிறுத்தி வைத்தமைக்காக 1906-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். குழந்தைகள் கட்டிக்கொண்டு உறங்கும் கரடிப் பொம்மைக்கு டெட்டி என்று பெயர் வரக் காரணமானவர். பாடநூல் அவரை 1909-இல் வெள்ளை மாளிகை வாயிலோடு வழியனுப்பி விடுகிறது. அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, ஐம்பத்தைந்து வயதில், பிரேசில் நாட்டு மழைக்காட்டில் ஒரு தகரப் பெட்டி உணவைப் பங்கிட்டு உண்ட ரூஸ்வெல்ட்டை அது நமக்குக் காட்டுவதில்லை. இக்கட்டுரை அந்த ரூஸ்வெல்ட்டைப் பற்றியது. குறிப்பாக, அந்தப் பயணத்துக்கு அவர் எவ்வாறு ஆயத்தமானார், எங்கே ஆயத்தம் பொய்த்தது என்பதைப் பற்றியது.

இன்று வெப்ப நாடுகளின் காடுமேடுகளில் மோட்டார் சைக்கிளில், வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, சாலையில்லா வழியில் சுற்றி வருவோர் பெருகியிருக்கின்றனர். என்ன எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது, யாரை நம்பிச் செல்வது என்ற மூன்று கேள்விகளும் அவர்களுக்கு எழுகின்றன. ரூஸ்வெல்ட்டுக்கும் அவையே எழுந்தன. விடை தவறினால் உயிர் போகும் என்பதுதான் வேறுபாடு.

1858 அக்டோபர் 27-இல் நியூயார்க் நகரில் செல்வக் குடியொன்றில் பிறந்தவர் அவர். வீட்டில் செல்வம் இருந்தது; பிள்ளைக்கு மூச்சு விடத்தான் முடியவில்லை. ஈளை நோய் வாட்டிய இரவுகளில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்குவான். அறிவு எவ்வளவு இருந்தாலும் உடல் துணை நிற்காவிட்டால் பயனில்லை, உன் உடலை நீயேதான் ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று தந்தை எடுத்துச் சொன்னார். வீட்டிலேயே உடற்பயிற்சிக் கூடம் அமைந்தது. சிறுவன் எடை தூக்கினான், குத்துச்சண்டை பயின்றான். கண்பார்வையும் குறைவு என்பது பதின்மூன்று வயதளவில், கையில் துப்பாக்கி வந்த பிறகுதான் தெரிந்தது. மூக்குக் கண்ணாடி அணிந்த அன்றுதான் உலகம் இத்தனை அழகாக இருப்பதை அவன் கண்டானாம்.

அவனுக்கு உயிரினங்கள் மேல் தீராத காதல். சந்தையில் கண்ட ஒரு கடல்நாயின் மண்டையோட்டை எப்படியோ பெற்று வந்து, அதையே முதற்பொருளாக வைத்து வீட்டில் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினான். பறவைகளின் தோலுரித்துப் பதப்படுத்தி நிறுத்தும் கலையை ஜான் பெல் என்பவரிடம் முறையாகக் கற்றான். 1872-73-இல் குடும்பத்துடன் நைல் நதிப் பயணம் சென்றபோது வழியெல்லாம் பறவைகளைச் சேகரித்தான். நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிப் பேழைகளில் ஆண்டுக்கணக்காக நின்றுகொண்டிருக்கும் பறவைகளைக் காணும்போதெல்லாம், அந்த வேலையைப் பதினான்கு வயதுப் பையன் கப்பலில் உட்கார்ந்து செய்திருக்கிறான் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஹார்வர்டில் பட்டம் பெற்ற 1880-இல், இதயம் பலவீனமானது, மாடிப்படி கூட விரைந்து ஏறலாகாது என்று மருத்துவர் எச்சரித்தார். அவர் அந்த எச்சரிக்கையை மதிக்கவில்லை; அடுத்த ஆண்டே ஆல்ப்சு மலையில் ஏறினார். 1884 பிப்ரவரி 14-இல் ஒரே வீட்டில், ஒரே நாளில், தாயையும் மனைவியையும் இழந்தார். துயரம் தாளாது மேற்கே டக்கோட்டாவின் வறண்ட நிலத்துக்குச் சென்று மாடு மேய்ப்போரோடு குதிரையேறித் திரிந்தார். துயரம் வரும்போதெல்லாம் கடினமான ஒரு நிலத்தைத் தேடிப் போவது அவருக்கு அன்று தொடங்கிய வழக்கம்.

வெப்ப நாட்டின் முதற்பாடம் அவருக்குக் கியூபாவில் கிடைத்தது. 1898-இல் ஸ்பெயின் நாட்டோடு போர் மூண்டபோது, கடற்படைத் துணைச் செயலர் பதவியை உதறிவிட்டுக் குதிரைப்படைத் தொண்டர் அணியொன்றைத் திரட்டினார். குதிரைப்படை என்பது பெயரளவில்தான். கப்பலில் இடமில்லாமையால் வீரர்களின் குதிரைகள் ஃபுளோரிடாவிலேயே நின்றுவிட்டன. அதிகாரிகளின் குதிரைகளைக் கடலில் நீந்தவிட்டுக் கரை சேர்த்தபோது, ரூஸ்வெல்ட்டின் இரண்டு குதிரைகளில் ஒன்று மூழ்கி இறந்தது. கொதிக்கும் வெயிலில் கம்பளி உடையணிந்த படையினர், வாயில் வைக்கவியலாத தகரப்பெட்டி இறைச்சி, போதாத மருந்து. அப்போரில் குண்டுபட்டு இறந்த அமெரிக்கரினும் காய்ச்சலாலும் பிற நோயாலும் இறந்தவரே மிகுதி. சான் யுவான் குன்றுகளில் அவர் காட்டிய வீரத்தை ஏடுகள் புகழ்ந்தன. அவரோ, படையினரைப் பாழாக்கியது ஆயத்தமின்மையே என்பதைக் கண்கூடாகக் கண்டு திரும்பினார்.

நியூயார்க் ஆளுநர், துணைத் தலைவர் என்று ஏறி, மக்கின்லி கொலையுண்டதும் 1901 செப்டம்பரில் நாற்பத்திரண்டு வயதில் குடியரசுத் தலைவரானது நாம் அறிந்த கதை. நிற்க.

பதவி முடிந்த 1909-இல் அவர் மகன் கெர்மிட்டுடன் ஆப்பிரிக்கா சென்றார். அந்தப் பயணத்துக்கு அவர் ஆயத்தமான விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஓராண்டுக்கு முன்பே, வெள்ளை மாளிகையில் இருந்தபடியே, ஆப்பிரிக்கக் காடுகளை நேரில் அறிந்த செலூஸ் போன்ற வேட்டையாளர்களுக்குக் கடிதம் எழுதி, எந்தத் துப்பாக்கி, எந்தக் காலணி, எந்தப் பருவம், எந்த வழி என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். விலங்குத் தோல்களைப் பதப்படுத்த மட்டும் நான்கு டன் உப்பு சென்றது. வியர்வையும் இரத்தமும் மழையும் பட்டாலும் கெடாதிருக்கப் பன்றித்தோல் அட்டையிட்ட சிறு நூலகம் ஒன்றும் கூடவே போயிற்று. வழிகாட்டிகளாகக் கனிங்ஹாம், டார்ல்டன் என்ற அனுபவசாலிகள் அமர்ந்தனர். ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்தன. அத்தனை விலங்குகளைச் சுட வேண்டுமா என்று நமக்கு இன்று தோன்றத்தான் செய்கிறது. எனினும், எண்ணிப் பார்த்துத் திட்டமிட்ட பயணம் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. அதே மனிதர் நான்கே ஆண்டுகளில் எப்படி வேறு விதமாகப் புறப்பட்டார்?

1912 தேர்தலில் அவர் தனிக்கட்சி கண்டு நின்றார். அக்டோபர் 14-இல் மில்வாக்கி நகரில் ஒருவன் அவரை மார்பில் சுட்டான். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த ஐம்பது பக்கச் சொற்பொழிவும் கண்ணாடிக் கூட்டின் எஃகும் குண்டின் வேகத்தைத் தணித்தன. இரத்தம் கசியக் கசிய ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசி முடித்த பிறகே மருத்துவமனைக்குப் போனார். குண்டு மார்பிலேயே தங்கிவிட்டது, தேர்தலில் தோல்வி. பழைய நண்பர்கள் பலர் விலகினர். துயரம் வந்தால் கடினமான நிலத்தைத் தேடும் அந்தப் பழைய வழக்கம் மீண்டும் தலைதூக்கியது. அர்ச்சென்டினாவில் சொற்பொழிவாற்ற அழைப்பு வந்தபோது, அப்படியே அமேசான் காட்டையும் பார்த்து வரலாம் என்று முடிவு செய்தார்.

இம்முறை அவர் ஆயத்த வேலையைத் தாமே செய்யவில்லை. தன் வரலாறு எழுதுவதிலும் சொற்பொழிவுகளிலும் மூழ்கியிருந்தவர், அதைப் பாதிரியார் ஜான் சாம் என்ற நண்பரிடம் விட்டுவிட்டார். சாம் தென் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்தவர், நூல் எழுதியவர். ஆனால் படகுப் பாதையும் விடுதியும் உள்ள தென் அமெரிக்காவே அவர் கண்டது. சாம் நியூயார்க் கடையொன்றில் பணிபுரிந்த அந்தோணி ஃபியாலா என்பவரைச் சந்தித்தார். ஃபியாலா பெயர் பெற்ற பயணி; ஆனால் எங்கே? வடதுருவத்தில்! 1903 முதல் 1905 வரை துருவம் தேடிச் சென்று, கப்பலைப் பனிக்கட்டிக்குப் பலி கொடுத்து, ஈராண்டு சிக்கித் தவித்து மீண்டவர். பனிக்காட்டில் அடிபட்டவரிடம் மழைக்காட்டுக்குச் சாமான் கட்டச் சொன்னார்கள். அவர் நல்லவர், உழைப்பாளி, கருத்தோடு செய்தார், அதில் ஐயமில்லை. ஐவர்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய உணவைக் கணக்கிட்டு, நீர் புகாத தகரப் பெட்டிகளில் அடைத்துப் பற்றவைத்து, ஆற்றில் விழுந்தாலும் மிதக்குமாறு அமைத்தார். பின்னாளில் உயிர் காத்தவற்றுள் அப்பெட்டிகளும் உண்டு. ஆனால் அவற்றோடு எஃகு விசைப்படகுகளும், ஆலிவ் எண்ணெயும், கடுகுச் சாந்தும், பழக்கூழும் பெட்டி பெட்டியாகச் சேர்ந்தன.

அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் செர்ரி, மில்லர் என்ற இரு அறிவியலாளரை உடன் அனுப்பியது. இவ்விருவரும் வெப்பக் காடுகளில் ஆண்டுக்கணக்காக உழன்றவர்கள். சாமான் பட்டியலை இவர்களிடம் காட்டியிருந்தால் பாதிப் பெட்டி நியூயார்க் துறைமுகத்திலேயே நின்றிருக்கும் என்பது என் கருத்து. 1913 அக்டோபர் 4-இல் கப்பல் புறப்பட்டது.

அந்தச் சாமான் முழுவதும் தவறு என்று சொல்வதும் நியாயமாகாது. திட்டமிட்ட வழி வேறு. பரகுவே ஆற்றில் மேலேறி, மேட்டைக் கடந்து, தபஜோஸ் ஆற்றில் இறங்கி அமேசானை அடைவதே முதல் எண்ணம். அது அறிந்த வழி. விசைப்படகு ஓடும் வழி. ஆனால் ரியோ நகரில் இறங்கியதும் பிரேசில் அயலுறவு அமைச்சர் லாரோ முல்லர் வேறொன்றைக் காட்டினார். கர்னல் ரொண்டன் என்பவர் 1909-இல் தந்திக் கம்பி போடும்போது ஓர் ஆற்றின் தலைப்பகுதியைக் கண்டிருந்தார். அது எங்கே போகிறது, எதில் கலக்கிறது என்று எவர்க்கும் தெரியாது. ஆகவே அதற்கு ஐயத்தின் ஆறு என்றே பெயர் வைத்துவிட்டார். ரொண்டனையே வழிகாட்டியாகத் தருகிறோம், அதில் இறங்கிப் பார்க்கிறீர்களா என்று கேட்டார் அமைச்சர். ரூஸ்வெல்ட் உடனே இசைந்தார். செய்தியறிந்து நியூயார்க் அருங்காட்சியகத் தலைவர் ஆஸ்பர்ன் பதறித் தடுத்தும் கேட்கவில்லை. போகும் இடம் மாறிவிட்டது. கட்டிய மூட்டை மாறவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் ஊர்ப் பாட்டிமார் சொல்வதை அவருக்குச் சொல்வார் அங்கே ஒருவரும் இல்லை.

வழிகாட்டியைப் பற்றி இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். காந்திதோ ரொண்டன் 1865-இல் மாத்தோ குரோசோ மாநிலத்தின் மிமோசோ என்ற சிற்றூரில் பிறந்தவர். தாய்வழியில் பழங்குடி இரத்தம் ஓடியது. தாய் தந்தையரைச் சிறுவயதிலேயே இழந்து, உறவினர் வளர்க்க வளர்ந்து, படிப்பொன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு ரியோவின் படைக்கல்லூரி வரை சென்றார். கணிதமும் இயற்கை அறிவியலும் கற்றார். தலைநகரில் வசதியாக அமர்ந்திருக்கலாம். அவர் தந்திக் கம்பியைத் தூக்கிக்கொண்டு தாம் பிறந்த காட்டுக்கே திரும்பினார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார். 1907-இல் நம்பிக்குவாரா மக்கள் எய்த அம்பொன்று அவருடைய தோல்வாரில் தைத்து நின்றது. உடன் வந்தோர் திருப்பிச் சுடத் துடித்தபோது தடுத்தார். பரிசுப் பொருள்களை வைத்துவிட்டுப் பின்வாங்கினார். சாக நேரினும் கொல்வதில்லை என்பது அவர் தம் ஆட்களுக்கு விதித்த நெறி. 1910-இல் பழங்குடி மக்களைக் காக்கும் அரசுத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவரே. இந்த மனிதரை ரூஸ்வெல்ட் 1913 டிசம்பர் 12-இல் பரகுவே ஆற்றில் சந்தித்தார். இவர்க்கு அவர் மொழி தெரியாது, அவர்க்கு இவர் மொழி தெரியாது. அரைகுறைப் பிரெஞ்சில் பேசிக்கொண்டனர். பிரேசிலில் வேலை பார்த்துவந்த கெர்மிட் தேவையானபோது மொழிபெயர்த்தார்.

1914 சனவரி 21-இல் தபிரபுவா என்ற இடத்திலிருந்து தரைவழிப் பயணம் தொடங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட கோவேறு கழுதைகள், எழுபதளவு பொதியெருதுகள். ரொண்டன் எதிர்பார்த்ததினும் சாமான் மிகமிக அதிகம். கிடைத்த எருதுகளைப் பிடித்து வந்தார்கள். பாதிக்கு மேல் பொதி சுமந்து பழகாதவை. துள்ளித் துள்ளிப் பொதியை உதறின. பின்னே வந்த ரூஸ்வெல்ட் தம் பயணக் குழுவின் பெயர் எழுதிய பெட்டிகள் வழியெல்லாம் சிதறிக் கிடப்பதைக் கண்டார். மேட்டு நிலத்தில் மேய்ச்சல் இல்லை. மழையோ விடாத மழை. விலங்குகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சாமானைக் குறைக்க வேண்டியதாயிற்று. எஃகு விசைப்படகுகள் கைவிடப்பட்டன. ஆற்றுப் பயணத்துக்கு வருபவர்கள், கடைசியில் ஆற்றில் விட ஒரு படகு இல்லாமலே ஆற்றை நோக்கி நடந்தார்கள்!

அந்த மணல் மேட்டில் ரொண்டனின் தந்தித் துறை மோட்டார் லாரிகளை ஓட்டியதையும் சொல்ல வேண்டும். சக்கரங்கள் மணலில் புதையாதிருக்க, சட்டங்களைக் கோத்த வார்ப்பட்டையைச் சக்கரங்களைச் சுற்றி மாட்டியிருந்தனர். எடையைப் பரந்த பரப்பில் பகிர்ந்தால் அழுத்தம் குறையும் என்று நாம் பாடத்தில் படிப்பதை அந்தத் தந்தித் துறையினர் 1914-லேயே பிரேசில் காட்டில் செய்து காட்டினர். நிலம் அறிந்தவன் செய்யும் ஆயத்தம் என்பது அதுதான்.

உதியரிதி அருவியருகே இன்னொரு சுமையும் இறக்கப்பட்டது. பாதிரியார் சாம், தம்மைப் பழங்குடி ஆட்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்ல வேண்டும் என்று விரும்பினார். ரொண்டனின் காட்டில் அது நடவாது. ரூஸ்வெல்ட் நண்பரென்றும் பாராமல் அவரைத் திருப்பி அனுப்பினார். ஃபியாலாவும் வேறோர் ஆற்று வழியாகப் பிரிந்து சென்றார். பின்னர், எல்லார்க்கும் உணவு போதாதென்று மில்லரையும் மற்றொரு வழியில் அனுப்பினர். பயணத்தை ஆயத்தம் செய்த இருவருமே பயணத்தின் முதன்மையான பகுதியில் இல்லை என்பதை நினைத்தால் சிரிப்பதா, வருந்துவதா தெரியவில்லை.

1914 பிப்ரவரி 27 நண்பகல் கடந்து, இருபத்திரண்டு பேர் ஐயத்தின் ஆற்றில் இறங்கினர். ரூஸ்வெல்ட், கெர்மிட், செர்ரி, ரொண்டன், லெப்டினன்ட் லைரா, மருத்துவர் கசசேரா என்று அறுவர். மற்ற பதினாறு பேர் காமராதா எனப்பட்ட உழைப்பாளிகள். மரத்தைக் குடைந்த ஏழு ஓடங்கள். அவற்றுள் நல்லவை மூன்றே. மற்றவை பழையவை, ஒழுகுபவை, ஆடுபவை. உணவு ஏறத்தாழ ஐம்பது நாளுக்கு, அதுவும் முழு அளவில் அன்று. காட்டில் வேட்டையும் ஆற்றில் மீனும் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையில் இறங்கினர்.

ரொண்டனின் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் ஆற்றை அங்குலம் அங்குலமாக அளந்தே தீர வேண்டும் என்றார். கெர்மிட் சிறு ஓடத்தில் முன்சென்று, சிவப்பும் வெள்ளையுமாக இரு தட்டுகள் ஒரு மீட்டர் இடைவெளியில் பொருத்திய கோலைக் கரையில் நட்டு நிற்பார். பின்னேயிருந்து லைரா கருவி வழியே பார்த்து, அவ்விடைவெளி தோன்றும் அளவைக்கொண்டு தொலைவைக் கணிப்பார். ரொண்டன் திசையைக் குறிப்பார். முதல் அரை நாளில் கெர்மிட் ஏறக்குறைய நூறு முறை கரையிறங்கியும் கடந்த தொலைவு ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. வடிவொத்த முக்கோணங்களின் அழகான பயன்பாடு. ஆனால் உணவுப் பெட்டி ஒவ்வொரு நாளும் ஒன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தது. இறுதியில் ரூஸ்வெல்ட் வற்புறுத்தியதன் மேல், விரைவான, சற்றே துல்லியம் குறைந்த முறைக்கு ரொண்டன் மனமில்லாமல் இசைந்தார்.

சில நாளிலேயே ஆறு பாறைகளில் மோதிப் பாயத் தொடங்கியது. அத்தகைய விரைவோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஓடத்தைக் கரையேற்றி, காட்டை வெட்டி வழியமைத்து, நூற்றுக்கணக்கான உருளைக் கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் ஓடங்களைக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். காமராதாக்கள் பலர் வெறுங்காலில் அந்த வேலையைச் செய்தனர். ஓடம் அடித்துச் செல்லப்பட்டபோதெல்லாம் மரத்தை வெட்டிக் குடைந்து புதிய ஓடம் செய்தவர்களும் அவர்களே. நியூயார்க்கில் விலை கொடுத்து வாங்கிய படகு வராது போன இடத்தில், கோடரியும் அதைப் பிடிக்கத் தெரிந்த கையுமே படகாயின. அவர்களுள் மார்ச்சு 15-இல் சிம்ப்ளிசியோ ஆற்றில் மூழ்கி இறந்தார். கெர்மிட்டும் மயிரிழையில் தப்பினார். மறுநாள் ரொண்டனின் நாய் லோபோ அம்புபட்டு மாண்டது. கண்ணுக்குத் தெரியாத சிந்தா லார்கா மக்கள் இருகரையிலும் அவர்களைக் கவனித்துக்கொண்டே வந்தனர். ரொண்டன் வழக்கப்படி பரிசுகளை வைத்துவிட்டு நகர்ந்தார். அவர்கள் நினைத்திருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

பெரிதும் நம்பிய வேட்டை கைகொடுக்கவில்லை. விலங்குகள் மரவுச்சியில்; மீன் அரிது; பிரேசில் கொட்டையும் அவ்வாண்டு காய்க்கவில்லை. பனங்குருத்தும் தேனும் எப்போதாவது ஒரு குரங்கும்தான். கொசு, கொட்டும் ஈ, கறையான், இலைவெட்டி எறும்பு என்று பூச்சிப் படை வேறு. துணியையும் தொப்பியின் உள்துணியையும் அவை தின்று தீர்த்தன. தலையில் வலையும் கையில் நீண்ட உறையும் அணிந்துகொண்டுதான் ரூஸ்வெல்ட் தம் கட்டுரைகளை எழுதினார். மருத்துவர் அன்றாடம் கொயினா கொடுத்தும் காய்ச்சல் நிற்கவில்லை.

சாமானை மறுபடி மறுபடி குறைத்தனர். கெர்மிட்டின் காலணி தேய்ந்து போனபோது ரூஸ்வெல்ட் தம்மிடமிருந்த வேறொரு சோடியைத் தந்துவிட்டார். முடிவில் அவரிடம் எஞ்சியவை: உடுத்திய உடை, சிறிது மாற்றுத்துணி, மூக்குக் கண்ணாடிகள், மருந்து, தலைவலை, கையுறை, பேனாக்கத்தி, இவற்றோடு மனாவுஸ் நகர வங்கியில் பணம் பெறுவதற்கான கடிதம்! வங்கியிருக்கும் ஊர் எத்தனை நாள் தொலைவில் இருக்கிறது என்று அறியாத காட்டில் அவர் அந்தக் கடிதத்தை எறியவில்லை. திரும்பிவிடுவோம் என்ற எண்ணம் அவருக்குள் எங்கோ இருந்தது போலும்.

இன்னொரு பொருளும் இருந்தது. எப்பயணத்திலும் ஒரு சிறு குப்பி மார்பின் எடுத்துச் செல்வது அவர் வழக்கம். மார்ச்சு 27-இல் பாறையிடுக்கில் சிக்கிய ஓடங்களை மீட்கத் தண்ணீரில் குதித்தபோது காலில் அடிபட்டது. புண் சீழ்கொண்டது, மலேரியாக் காய்ச்சல் நூற்றைந்து டிகிரி தொட்டது. நடக்கவியலாத நிலையில், என்னை இங்கேயே விட்டுவிட்டு நீங்கள் செல்லுங்கள் என்று மகனிடமும் செர்ரியிடமும் கூறினார். குப்பி எதற்கு என்பது அவர்களுக்குத் தெரியும். கெர்மிட் ஒப்பவில்லை. தந்தை இறந்தாலும் உடலைச் சுமந்தே செல்வான் இவன், அதனால் அவனுக்கு இரட்டைச் சுமை என்று தந்தை உணர்ந்தார், உயிரோடிருக்க இசைந்தார். அந்தப் பள்ளத்தாக்கை ஓடங்களோடு கடக்கவியலாது, ஓடங்களை விட்டுவிட்டு ஆளுக்கொரு வழி நடக்க வேண்டியதே என்று ரொண்டனே முடிவு கட்டியிருந்த நேரம் அது. கெர்மிட்டும் லைராவும் கயிற்றில் கட்டி ஓடங்களை இறக்கிக் காட்டினர். வழிகாட்டி கைவிட்ட இடத்தில் இளையவர் இருவர் வழி கண்டனர்.

ஏப்ரல் 3-இல், உணவு திருடிப் பிடிபட்ட ஜூலியோ என்பவன் பைஷோன் என்ற நேர்மையான தலைக்காவலரைச் சுட்டுக் கொன்றுவிட்டுக் காட்டில் ஓடினான். பின்னர் கரையில் நின்று கெஞ்சியவனை ஏற்றிக்கொள்ள ரூஸ்வெல்ட் சம்மதிக்கவில்லை; ரொண்டன் ஆளனுப்பித் தேடியும் கிடைக்கவில்லை. ஒரு கொலையாளிக்காக உணவும் நாளும் இழக்கலாகாது என்பது ஒருவர் கட்சி. கைதியே ஆனாலும் சட்டத்தின் முன் கொண்டுபோக வேண்டும் என்பது மற்றவர் கட்சி. படிக்கும் எனக்கு ரொண்டன் பக்கமே மனம் சாய்கிறது. ஆயினும் நான் பசித்திருந்து படிக்கவில்லையே!

சில நாள் கழித்து மருத்துவர் கசசேரா, மயக்க மருந்தின்றி, கொசு மொய்க்கும் ஆற்றங்கரையில் ரூஸ்வெல்ட்டின் காலைக் கீறிச் சீழை வெளியேற்றினார். அவர் முனகவும் இல்லை. ஏப்ரல் 15-இல் கரையோரம் ஒரு மரத்தில் எழுத்துப் பொறித்த பலகையொன்று தென்பட்டது. இரப்பர் பால் எடுக்கும் ஏழைக் குடியானவன் ஒருவனின் எல்லை அடையாளம். அதற்குப் பின் குடிசைகள், அரிசி, மனிதக் குரல். மாத இறுதியில், ரொண்டன் புறப்படுமுன்பே ஏற்பாடு செய்திருந்த துணைக்குழு, லெப்டினன்ட் பிரினேயஸ் தலைமையில், அரிப்புவானா ஆற்றுக் கூடலில் உணவோடு காத்து நின்றது. ஐயத்தின் ஆறு எங்கே வந்து சேரும் என்று அவர் போட்ட கணக்கு பிசகவில்லை. அந்தப் பயணத்தின் ஆயத்தங்களுள் தலைசிறந்தது எது என்று என்னைக் கேட்டால் இதையே சொல்வேன்.

ஏப்ரல் 30-இல் மனாவுஸ் அடைந்த ரூஸ்வெல்ட் ஐம்பது பவுண்டுக்கு மேல் எடை இழந்திருந்தார். ஆற்றுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. நியூயார்க் அருங்காட்சியகத்துக்கு ஏறத்தாழ 2,500 பறவைகளும் 500 பாலூட்டிகளும் சென்று சேர்ந்தன. அப்படியோர் ஆறே இல்லை என்று ஐயுற்றவர்களுக்கு வாசிங்டனிலும் இலண்டனிலும் நின்று விடை கூறினார். 1927-இல் டயட் என்பவர் அதே ஆற்றில் இறங்கி வந்து அளவுகள் மெய் என உறுதி செய்தபோது கேட்டு மகிழ அவர் இல்லை. காட்டுக் காய்ச்சல் அவரை விட்டு முற்றும் நீங்கவில்லை. 1919 சனவரி 6-இல் அறுபது வயதில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். ரொண்டன் தொண்ணூறு கடந்து 1958 வரை வாழ்ந்தார். 1956-இல் ஒரு நிலப்பகுதிக்கே ரொண்டோனியா என்று அவர் பெயர் வந்தது.

ரூஸ்வெல்ட் அந்தப் பயணத்தைப் பற்றி 1914-லேயே நூல் எழுதினார். அதன் பின்னிணைப்பில், தென் அமெரிக்கக் காட்டுக்குச் செல்வோர் எவ்வெவற்றை எடுத்துச் செல்ல வேண்டும் என்று விரிவான குறிப்பு ஒன்று உண்டு. ஃபியாலாவின் அனுபவக் குறிப்புகளும் அதில் இடம்பெற்றுள்ளன. ரொண்டன் கம்பி போட்ட தடத்தைப் பெரிதும் ஒட்டியே இன்று அப்பகுதியின் நெடுஞ்சாலை செல்கிறது. ஆற்றின் மேற்பகுதியோ சிந்தா லார்கா மக்களின் காப்புநிலம். வெளியார் எவரும் அனுமதியின்றி அங்கே ஓடம் விட இயலாது.